கோழிக்கு முன்னால் எழுந்த ஐந்து அம்மாக்கள்

பிப். 8, திங்கள்

காலையில் நல்ல பனி. ஸ்கூட்டி நாலாவது உதையில்தான் கிளம்பியது. இன்றைக்குள் இரண்டாம் ஆண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தி முடிக்க வேண்டும். தலைப்பு: என் வீட்டில் ஒருவரின் ஒரு நாள். எல்லோரும் போனில் தட்டச்சு செய்துதான் அனுப்ப வேண்டும், நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் தொடக்கூட மாட்டேன் என்று கறாராகச் சொல்லியிருந்தேன். டிஜிட்டல் திறன் என்று அறிக்கையில் காட்டலாம். மார்ச்சில் என் கௌரவ விரிவுரையாளர் வேலையைப் புதுப்பிக்கும்போது உதவும்.

மாலைக்குள் முப்பது முடிந்தது. பிறகு வெள்ளிமலைப் பக்கத்துப் பழங்குடிப் பிள்ளைகளின் ஐந்து கட்டுரை. ஐந்தும் ஒரே எண்ணிலிருந்து. அலமேலுவின் எண். முதல் கட்டுரை அவளுடையது. “என் அம்மா கோழிக்கு முன்பே எழுகிறாள்” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்திருந்தாள். அட, நன்றாக இருக்கிறதே என்று இருபதுக்குப் பதினாறு போட்டேன். அடுத்தது கோவிந்தன். அவன் அம்மாவும் கோழிக்கு முன்பே எழுகிறாள். அடுத்ததிலும். ஐந்து அம்மாக்களும் கோழிக்கு முன்னால் எழுந்து, ஐந்து பேரும் அதே மரவள்ளிக் காட்டுக்குப் போகிறார்கள்.

எனக்கு வந்ததே கோபம். பதினாறை அடித்தேன். ஐந்து பேருக்கும் ஜீரோ.

வகுப்பு குரூப்பில், அத்தனை பேரும் பார்க்க, பெயர் சொல்லிப் போட்டேன். அலமேலு ஜீரோ, அலமேலு காப்பிக் கூட்டத்துக்குத் தலைவி என்று. அதோடு நிறுத்தவில்லை. கோட்டாவில் சீட்டு வாங்கினால் போதாது, சொந்தப் புத்தியும் வேண்டும் என்று போட்டேன். எங்கள் துறை சாந்திக்குத் தனியாக “அலமேலு கோட்டா கேஸ்” என்று ஒரு வரி. அவள் சிரிப்புப் பொம்மை மூன்று அனுப்பினாள். நானும் இரண்டு.

பி.கு.: அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை. மறக்கவே கூடாது. மறந்தாயிற்று.

பிப். 9, செவ்வாய்

நாளை மறியல் என்று பேச்சு. இங்கே கீழே இருக்கும் சாதிக்காரர்கள் தனி இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மனு கொடுக்கிறார்கள், ரோட்டில் உட்காருகிறார்கள். ஸ்டாஃப் ரூமில் நாள் முழுக்க இதே கச்சேரி. யாரோ சொன்னார்: “அந்த மல ஜனத்துக்கு எல்லாம் சும்மா கெடைக்குது, இங்க நாம ரோட்ல ஒக்காந்துக்கினு கெடக்கறோம்.” நான் தலையாட்டினேன். ஆட்டினேன் என்றுதான் எழுத வேண்டும், வேறு எப்படி எழுதுவது.

ராத்திரிச் சாப்பாட்டில் அத்தாவிடம் இதைச் சொன்னேன். கடையில் வாளி, குடம் விற்று என்னைப் படிக்க வைத்த மனிதர். தட்டிலிருந்து தலை தூக்காமல், “கேக்கறவங்க கேக்கறாங்க, இருக்கறவங்க வச்சிக்கினு இருக்காங்க. ஒனக்குக் காலேஜ் சீட்டு எதுல கெடச்சிது, நஸ்ரீன்?”

எனக்கும் கோட்டாதான். சான்றிதழ் பீரோவில், புடவைக்கு அடியில். ரசம் ஊற்றிக்கொண்டேன்.

பிப். 10, புதன்

மறியல். மலையிலிருந்து வரும் பஸ் அடிவாரத்துக் கச்சிராயபாளையத்தோடு நின்றுவிட்டதாம். வகுப்பில் பாதிப் பேர் இல்லை. பதினொன்றரைக்குப் பார்த்தால் வராந்தாவில் அலமேலு. கால் பாதம் முழுக்கப் புழுதி. கையில் கண்ணாடி உடைந்து செலோடேப் ஒட்டிய போன். திருப்பூருக்கு வேலைக்குப் போன அண்ணன் விட்டுவிட்டுப் போனது.

“எப்படி வந்தே?”

“கச்சிராயபாளையத்துல எறங்கி நடந்தேன் மேம். அப்புறம் ஒரு பைக்ல.”

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. போனை நீட்டினாள்.

“நீங்களே அடிங்க மேம். இங்கிலீஷ்ல ‘மை’ன்னு மட்டும் அடிங்க.”

அடித்தேன். எழுத்துப் பலகைக்கு மேலே மூன்று வார்த்தைகள் வந்து நின்றன. நடுவில் ‘மதர்’. தொட்டேன். அடுத்து ‘வேக்ஸ்’. தொட்டேன். ‘பிஃபோர்’. தொடத் தொடக் கோழி வரைக்கும் வந்துவிட்டது. ‘மை’க்கு அப்புறம் நான் ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. அவள் எழுதியதை அந்தப் போன் மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

“எங்க ஊர்ல அஞ்சு பேருக்கும் இந்த ஒரு போன்தான் மேம். நான் மொதல்ல எழுதினேன். அப்புறம் ஒவ்வொருத்தரா வாங்கி எழுதனாங்க. அவங்க ஒண்ணு அடிக்க ஆரம்பிச்சா போன் வேற ஒண்ணு காட்டுச்சி. போன் காட்றதுதான் ரைட்டுன்னு அதயே தொட்டுட்டாங்க.”

“அது எப்படி ரைட்டுன்னு நெனப்பீங்க?”

“நீங்கதான மேம் கிளாஸ்ல சொன்னீங்க. மேல வர்ற வார்த்தையத் தொடுங்க, தப்பே வராதுன்னு.”

சொன்னேன். எழுத்துப்பிழை வராது என்று கரும்பலகையில் படம் போட்டே சொன்னேன்.

“கோவிந்தனுக்கு அம்மாவே இல்ல மேம். சித்தியப் பத்திதான் எழுதப் போனான். போன் மதர்னு குடுத்துச்சி. இங்கிலீஷ்ல அப்படித்தான் எழுதணும் போலன்னு வச்சிட்டான்.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“ஜீரோ இருந்தா பரீட்ச எழுத வுட மாட்டாங்கன்றாங்க மேம். குரூப்புல நீங்க போட்டத யாரோ படிச்சிக் காட்ட, அப்பா கேட்டுட்டாரு. போதும் படிச்சது, கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போலாம் வான்றாரு. வெள்ளிக்கெழம ஜீப்பு. நீங்க குரூப்புல ஒரு வார்த்த போட்டீங்கன்னா அப்பாகிட்டக் காட்டிடுவேன்.”

ஒரு வார்த்தை. அவ்வளவுதான் கேட்டாள். நான் சொன்னது: “சரி சரி, பார்க்கலாம், போ.”

மன்னிச்சிக்கோ என்று சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை. ச்சே.

துறைத்தலைவரிடம் கேட்டேன். மதிப்பெண் மாற்றலாம், வெள்ளி மாலை கடைசி, ஆனால் தவறு என்னுடையது என்று கைப்பட எழுதித் தர வேண்டும். “மார்ச் வருதும்மா, யோசிச்சிக் குடுங்க” என்றார். யோசிக்கிறேன் என்றேன்.

பிப். 11, வியாழன்

தலைவலி என்று லீவு. தலைவலி இல்லை.

செய்தவை: பீரோ அடுக்கினேன். அம்மாவுக்கு மாத்திரை. வெங்காய வடகம் காயவைத்தேன். குரூப்பில் “மாணவர்களே” என்று அடித்து அழித்தேன். “ஒரு சிறு தவறு நடந்துவிட்டது” என்று அடித்து அழித்தேன். நடந்துவிட்டதாம்! தானாக நடந்து வந்ததா? கச்சிராயபாளையத்திலிருந்து நடந்து வந்தவள் அவள்.

சாந்தி போன் செய்தாள். “வுடுப்பா, நீ எழுதிக் குடுத்தா நாளைக்கு எல்லாப் பசங்களும் ஒன் தலமேல ஏறிக்குவாங்க.” ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததே அசிங்கம்.

நாளைக்குக் கடிதம் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் குரூப்பில் போட்டால் போதும். முறைப்படி.

பிப். 12, வெள்ளி

வெயில். கடிதம் கொடுத்தேன். ஏழு வரி. “நான் விசாரிக்காமல் முடிவெடுத்தேன்” என்ற வரியில் பேனா நின்று நின்று போனது. துறைத்தலைவர் படித்தார், மடித்தார். நாலு மணிக்கு மதிப்பெண் ஏறிவிட்டது. அலமேலு 16. மற்ற நாலு பேருக்கும் 10. கோவிந்தன் சித்தியைப் பற்றித் திரும்ப எழுதட்டும், கையாலேயே எழுதட்டும்.

அலமேலுவுக்கு போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மலையில் எப்போதும் அப்படித்தான் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். குரூப்பில் போட வேண்டியது திங்கட்கிழமை, நேரில் சொல்லிவிட்டு.

பிப். 15, திங்கள்

மறியல் இல்லை. பஸ் எல்லாம் ஓடியது. மலைப் பிள்ளைகள் நாலு பேர் வந்தார்கள்.

“அலமேலு எங்கே?”

கோவிந்தன்தான் பதில் சொன்னான். பெஞ்சைப் பார்த்துக்கொண்டே. “வெள்ளிக்கெழம காலையிலயே ஜீப்புல போயிட்டா மேம்.”

“மார்க் போட்டாச்சேடா. பதினாறு.”

“தெரியாது மேம். வியாழக்கெழம பூரா டவர் கெடைக்கற பாற மேல ஒக்காந்துக்கினு இருந்தா. நீங்க எதுனா போடுவீங்கன்னு. பொழுது எறங்கனதும் அவங்கப்பா வந்து கூட்டிக்கினு போயிட்டாரு.”

வியாழக்கிழமை நான் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

“பரீட்சைக்காவது வருவாளா?”

“அதுக்கு ஒண்ணும் சொல்லல மேம்.” பையிலிருந்து அந்தப் போனை எடுத்தான், செலோடேப்போடு. “இத எங்ககிட்டக் குடுத்துட்டுப் போயிட்டா. நாங்க எழுதறதுக்கு ஆவும்னு.”

வகுப்பை முடிக்காமல் வெளியே வந்தேன். மாடிப்படிக்குக் கீழே நின்று அழுதேன். பியூன் பார்த்தார், பார்க்கட்டும். மூக்கைச் சிந்திவிட்டு குரூப்பைத் திறந்தேன். அன்றைக்குத் திட்டிய அதே இடத்தில், அதே அத்தனை பேரும் பார்க்க, முதல் வார்த்தையாக அவள் பெயரை அடித்தேன். என் போன் அடுத்த வார்த்தைக்கு மூன்றைத் தயாராக எடுத்து வைத்தது.

காப்பி. ஜீரோ. கோட்டா.