முகம் கழுவுமுன்

இன்று காலை பக்கத்து வளவில் யாரோ காய்ந்த ஓலையைக் கொளுத்தினார்கள். காற்று திரும்பியதும் பயந்துபோய் ஒரு குடம் தண்ணீரை அதன்மேல் கவிழ்த்தார்கள். நனைந்த கரியின் வாசனை சன்னல் வழியாக வந்தது. மற்றவர்களுக்கு அந்த வாசனையில் தும்மல் வரும். எனக்குத் தாகம் எடுக்கிறது. உம்மை நினைத்துக்கொண்டேன்.

புதுக்கடைச் சந்தையில் உமது மருந்துக்கடையும் என் சிலேட்டுக்கடையும் ஒரே ஓலைக்கூரையின் கீழ் இருந்தன. சந்தை முழுவதுமே ஓலைதான். நடுவில் வடை சுடும் அடுப்புகள். பங்குனியில் தீப்பிடிப்பது நமக்கு ஏறக்குறைய ஒரு திருவிழா, தேதிதான் முன்கூட்டித் தெரியாது. பட்டணங்களில் தீயணைக்க வண்டி இருக்கிறதாம் என்று பத்திரிகை பார்த்துச் சொன்னேன். "அங்கனயே நிக்கட்டும் வோய். இங்க வந்தா அதுக்கும் நாம ஓலை மேயணும்" என்றீர்.

ஆகவே சந்தைக்கு வந்தவர்களே தீயை அணைத்தார்கள். மற்ற நாட்களில் குளத்தில் கால் வைக்கக் கூடாதவர்கள் அன்று இடுப்பளவு தண்ணீரில் நின்று குடம் நிறைத்துக் கைமாற்றினார்கள். யாரும் தடுக்கவில்லை. நெருப்பில் ஊற்றுகிற தண்ணீருக்குத் தீட்டு இல்லை. குடிக்கிற தண்ணீருக்குத்தான் உண்டு.

அந்த வித்தியாசத்தை நமக்குக் காட்டியவர் ஒரு பனையேறி. தீ போகும் திசையில் முந்திப்போய்க் கூரைகளைப் பிய்த்து எறிந்தவர் அவர்தான். தள்ளாடி இறங்கித் தண்ணீர்ப்பந்தலுக்கு வந்தார். அவரைப் போன்றவர்களுக்கு அங்கே எட்ட நின்று மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அன்று குழாய் தீயில் போய்விட்டது. பந்தல்காரர் இரக்கமுள்ளவர்; வேறு மூங்கில் வெட்டிவர உடனே ஆளனுப்பினார். அது வரும்வரை பனையேறி வெயிலில் விழுந்து கிடந்தார். உயிர் போகவில்லை. பிறகு அவர் எந்தப் பனையிலும் ஏறவும் இல்லை.

"தீ சுட்டுச் சாவலாம் வோய். குழாய்க்குக் காத்துக் கெடந்து சாவப்படாது" என்றீர்.

அடுத்த பங்குனித் தீயில் புளியமரத்தடியில் உமது ஏற்பாடு நடந்தது. நனைத்த சாக்குகளை விரித்தீர். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் ஒரு பானை, மொண்டு கொடுக்க ஒரே ஒரு செம்பு. தீயோடு நின்றவர்களை மாற்றி மாற்றி இழுத்து வந்து உட்கார வைத்தீர். திருவட்டாற்றிலிருந்து நெல் வாங்க வந்த ஒரு பெரிய மனிதர், முகமெல்லாம் கரியோடு, முதலில் குளத்துக்குப் போகத் திரும்பினார்.

"கழுவப்படாது! சூட்டு மொகத்தில பச்சத்தண்ணி பட்டா ஜன்னி இழுத்துரும். மொதல்ல குடியும்."

"இது எந்த ஏட்டில கெடக்கு?"

"ஜன்னி இழுத்துச் செத்தவன் எவனாவது வந்து, அப்பிடி இல்லேன்னு சொன்னானா?"

மருந்துக்கடைக்காரர் சொன்னால் மறுக்க முடியுமா? குடித்தார். பக்கத்தில் குந்தியிருந்தவரிடம் செம்பை நீட்டி, "நீ எந்த ஊரு மக்கா?" என்று கேட்டார். "தீப்பிடிக்கிற வரைக்கும் கீழத்தெரு. இப்பம் கரித்தெரு" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள். கரி பூசிய முகங்களில் பல் மட்டுமே தெரிந்தது. பல்லில் சாதி தெரிவதில்லை.

தீ அணைந்தது. முகம் கழுவினார்கள். கழுவிய பிறகு, யாரோடு உட்கார்ந்திருந்தோம் என்று ஒவ்வொருவராகக் கண்டுபிடித்து எழுந்தார்கள்.

ஊர்ப்பெரியவர்கள் கூடினார்கள். உம்மைக் குறை சொல்லவில்லை. களைத்தவனுக்கு இளைப்பாற இடம் வேண்டும், நல்ல யோசனை என்றார்கள். சூட்டு முகத்தைக் கழுவினால் ஜன்னி வருமா என்று ஒரு வைத்தியரை வரவழைத்துக் கேட்டார்கள். வராது என்றார். நம் ஊரில் வைத்தியம் உண்மை பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். எனவே உமது ஏற்பாடு அப்படியே இருக்கட்டும், சிறு திருத்தங்களோடு என்று முடிவாயிற்று: முதலில் முகம் கழுவ வேண்டும்; மரத்தின் இரு பக்கமும் இரண்டு பானை; புது மூங்கில் குழாய்; பார்த்துக் கொடுக்க, தாட்சண்யம் இல்லாத வெளியூர்க்காரர் ஒருவர்.

"பந்தல் கெடச்சிட்டுல்லா வோய், சந்தோசப்படும்" என்றேன். பானை உம்மிடம் இல்லாததால், அதற்கடுத்த தீயில் நீரும் கூரைமேல் ஏறினீர்.

நான் மேற்கு வரிசையில் ஓலை பிய்த்துக்கொண்டிருந்தேன். கூரை சரிந்து விழுந்த உம்மைப் புளியமரத்தடிக்குச் சுமந்து போனவர்கள் இரணியல் வண்டிக்காரர்கள். அவர்களுக்கு உம்மைத் தெரியாது. செய்தி கேட்டு நான் ஓடி வந்தபோது நீர் சாக்கின்மேல் கிடந்தீர். முடி பொசுங்கி, முகம் முழுக்கக் கரி. வாய் திறந்து திறந்து மூடியது. புதிதாக வைத்த வெளியூர்ப் பந்தல்காரர் ஈரத்துணியால் உமது நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, வாயில தண்ணி விடுடே!" என்று கத்தினேன்.

"தரமாட்டேன்னா சொன்னேன்? எந்தப் பானைன்னு தெரியண்டாமா? ஆளு ஆருன்னு பாக்கட்டு."

"நம்ம மருந்துக்கடைக்காரருடே!"

"அப்பிடியா? அய்யோ, அப்பம் செம்புல்லா எடுக்கணும்" என்று அவர் எழுந்தார். நீர் செம்பில் குடிக்கும் உரிமை பெற்றவர். செம்பு வந்தது, மரியாதையாக, விளிம்புவரை நிறைந்து வந்தது. உமது முகம் அதற்குள் சுத்தமாக இருந்தது. வாய் அசையவில்லை. ஊற்றிய தண்ணீர் கன்னத்தில் வழிந்து சாக்கில் இறங்கியது.

உமது கடையில் இப்போது கயிறு விற்கிறார்கள். கூரை இன்னும் ஓலைதான். மூங்கில் குழாய் பத்திரமாக இருக்கிறது; எண்ணெய் தடவி, தீ எட்டாத இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

என்னிடம் இருப்பது இதுதான்: வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தால், முதலில் ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கிறேன். பிறகுதான் முகம் கழுவுகிறேன். ஏன் இப்படி என்று வீட்டில் கேட்கிறார்கள். ஜன்னி வரும் என்கிறேன். நம்புகிறார்கள்.