ஒரு காது உனக்கு

தேவாரம்
சர்வசித்து வருஷம் ஐப்பசி மாசம்

மகன் ராக்கையாவுக்கு உன் ஆத்தா எழுதிக்கொண்டது. இங்கன நானும் உன் தங்கச்சி சோணையும் அவள் மகள் பூமாரியும் சாமி புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கன சிங்கப்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கணும். மழை முந்திக்கொண்டு சோளமெல்லாம் படுத்துவிட்டது, அது கிடக்கட்டும், மனசு படுத்துக் கிடக்கிறதைச் சொல்கிறேன்.

உன் காகிதம் வந்தது. ஏரோப்ளேன் ஏறினால் கல்கத்தாவில் மாறி ரெண்டாம் நாள் மெட்ராஸ், ரெண்டாயிரத்துச் சொச்சம் மைல், முதலாளி தையில் என்னையும் கூட்டி வருகிறார், பூமாரி காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி நான்தான் தருவேன், பொறுங்கள் என்று எழுதியிருக்கிறாய். ஏலே, ஆளு ரெண்டு நாளில் வருகிற சேதியைக் கப்பல் தபாலிலா போடுவது? நீ வந்து சேர மாசக்கணக்காகும் என்று நான் கப்பல் கணக்கல்லவா போட்டேன். உங்கப்பன் செத்த தந்தி கண்டு நீ கப்பலேறி வந்து சேர்ந்தபோது கருமாதிச் சட்டியெல்லாம் கழுவிக் கவிழ்த்தாச்சு. நம்ம வாய்க்காலை மறித்த உன் பெரியப்பன் மகன் சுருளியாண்டி கொள்ளி வைத்துத்தான் உங்கப்பன் வெந்தாக. அதை நான் மறக்கவில்லை. அன்றைக்கு இந்த ஏரோப்ளேன் எங்கே போச்சு? இப்போ சோணை மாமியார் வேறு, மாமன் வாரதுக்குள்ள பிள்ளைக்குக் கல்யாணமே வந்துரும்னு நாலு பேர் முன்னே சொன்னாக. ரோசத்தில் சரியென்று நாள் குறித்துவிட்டேன், அதே சுருளியாண்டி மடியில்.

குலசாமி கோயிலில் ஆசாரி இடது காதைக் குத்தி முடிக்கவும் உன் காகிதத்தோடு தபால்காரர் என்னைத் தேடி வரவும் சரியாக இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். பிள்ளையை அவன் மடியிலிருந்து வெடுக்கென்று தூக்கி, மிச்சக் காது என் மகனுக்கு என்றேன். கொள்ளிக்கு என் கை ஆச்சு, காதுக்கு என் மடி ஆகாதாக்கும் சின்னாத்தா என்று சுருளியாண்டி சிரித்தான். கிடாக்கறி வெந்தபடி கிடந்தது, சம்பந்தி வீட்டார் ஒருவாய் தொடவில்லை. மறு காதும் குத்தாமல் படியேறாதே என்று சோணையை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாக. தை வரைக்கும்தான் பொறுப்பாகளாம். அவள் அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை. காகிதம் ஒருநாள் முந்தியிருக்கலாம், இல்லை, நான் ஒருநாள் பொறுத்திருக்கலாம்.

மெட்ராஸ் வந்த பிறகு சூதானமாக இரு. வெள்ளைக்காரன் சண்டைக்குப் பேர்த்துக்கொண்டு போன போடி ரயில் தண்டவாளம் இன்னும் வரவில்லை, மதுரையில் இருந்து பஸ்தான், ஆற்றில் தண்ணி வந்தால் அதுவும் நிற்கும். வானத்தில் மிச்சம் பிடித்த பொழுதைத் தேனிக்கு இங்கிட்டு தொலைத்துவிடாதே. முதலாளி மனசு மாறினால் அன்றைக்கே கப்பலேறு.

நீ கொடுத்தனுப்பின கம்மலில் ஒன்று பூமாரி காதில், மற்றது என் முந்தானை முடிச்சில். மேலே பருந்து வட்டமிட்டாலும் மாமா வாராகன்னு வலது காதைப் பொத்திக்கொண்டு களத்துக்கு ஓடுகிறாள்.

குலசாமி உனக்கு வழித்துணையாக வரட்டும், நூறு வயசு இருப்பாய். இந்தக் காகிதத்தைப் பள்ளிக்கூட வாத்தியார் ப்ளேன் தபாலில் சேர்க்கிறேன் என்றிருக்காக. பதில் போடாதே, வந்து சேர்.

உன் ஆத்தா
மொக்கம்மாள்