புல்லில் விழுந்த கோடு

மே 11
கிளைட் இன்று புல்லைக் குறுக்காக வெட்டினான். போன வாரம் நெடுக்காக. ஒரே திசையில் வெட்டினால் புல் படுத்துவிடுமாம். மூன்று அங்குலத்துக்குக் கீழே ஒட்ட வெட்டுகிறவர்களை என் கணவன் மனிதர்களாகவே மதிப்பதில்லை.

கிளைடுக்கு மறதி நோய் ஆரம்பக் கட்டம்தான், பகலில் தனியாக இருக்கலாம் என்று ஏப்ரலில் டாக்டர் சொன்னார். புல்லைப் பார்த்தால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சரியாக இருந்தே ஆகவும் வேண்டும். அவனுக்கு அரசுக் காப்பீடு கிடைக்க இன்னும் மூன்று வருடம்; அதுவரை பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் நான் உட்கார்ந்தால்தான் எங்கள் இருவருக்கும் மருத்துவக் காப்பீடு.

மே 16
மகள் ரோண்டா போனில்: "அப்பாவத் தனியா விட்டுட்டு எப்படிம்மா போறே?"
"கார்லதான்" என்றேன்.

மே 20
கார் நிற்கும் சிமென்ட் தளத்தின் வெடிப்புகளில் முளைத்த களைக்கு கிளைட் மருந்து அடித்தானாம். நான் வீடு வரும்போது கேன் காலி. "ஒழுகுது, வாஷர் போச்சு" என்றான். வலது ஷூ நனைந்திருந்தது. கழுவி வைத்தேன்.

மே 24
மழை. எழுத ஒன்றுமில்லை.

மே 29
புல்லில் ஒரு மஞ்சள் கோடு, விரல் அகலத்தில். சிமென்ட் தளத்திலிருந்து கிளம்புகிறது. ஒழுகிய கேனோடு நடந்திருக்கிறான். அந்த மருந்து பட்ட புல் எதுவும் பிழைக்காது. வெளியே தெரியத்தான் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

மே 30
கோடு நன்றாகப் பழுத்துவிட்டது. அதன் கூடவே நடந்து பார்த்தேன். மேப்பிள் மரத்தை மூன்று சுற்று. எங்கள் வாசலுக்கு எட்டு அடி முன்னால் வரை வந்து, திரும்பிவிடுகிறது. எட்டு அடி! முப்பத்தோரு வருஷமா இருக்கற வீடு, அவனே பெயின்ட் அடிச்ச கதவு – தெரியலையா? அங்கிருந்து பக்கத்து வீட்டுப் புல்லில் ஏறி, மார்வின் கராஜ் கதவில் போய் நின்றுவிடுகிறது.

மார்வ் ஓய்வுபெற்ற தபால்காரர். அவரிடமே கேட்டேன்.

"எங்க கராஜ் பொத்தானை அமுக்கிக்கிட்டு நின்னாம்மா. கதவு ஏன் தெறக்கலைன்னு என்னையே கேட்டான். கையப் புடிச்சுக் கூட்டியாந்து உங்க வீட்ல விட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"'டோரின்கிட்ட சொல்லாதீங்க, அவ வேலைய விட்டுடுவா'ன்னு அழுதான். அறுபத்திரண்டு வயசு ஆம்பள நின்னு அழுதா நான் என்னதான் பண்றது?"

கோபம் வந்தது. மார்வ் மேல் இல்லை. கிளைட் மேலும் இல்லை. பயமா இருக்கு, அவ்வளவுதான். எழுதியாச்சு.

ஜூன் 2
ராஜினாமாக் கடிதம் அடித்தேன். கைப்பையில் கிடக்கிறது. கொடுக்கவில்லை.

ஜூன் 6
செத்த இடத்தில் பதிக்க, பாய்போல் சுருட்டி விற்கும் புல்தரைச் சுருள்கள் வாங்கி வந்தேன். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த கிளைட் குழாயைக் கீழே போட்டுவிட்டு, கோட்டின் மேலேயே மெதுவாக நடந்தான். மரத்தை மூன்று சுற்றும் சுற்றினான். மார்வின் கராஜ் வரை போய்த் திரும்பி வந்தான்.

"எந்தக் குடிகாரன் போட்ட கோடு இது?"

நான் காரிலிருந்து சுருள்களை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"நான்தானே?"

"ஆமா."

ஒரு சுருளைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் வைத்தான்.

"மரத்தச் சுத்தி மட்டும் பதிச்சிடு, அசிங்கமா இருக்கு. மத்தது இருக்கட்டும். மார்வ் பகல் பூரா கராஜ்லதான் கெடக்கறாரு. நீ வேலைக்குக் கெளம்பினதும் அங்க போயிடறேன். கோடு இருந்தா வழி தப்பாது."

ஜூன் 8
மார்வ் ஒத்துக்கொண்டார். "ரேடியோ கெட்டுப் போச்சு. அதுக்குப் பதிலா இவன் பேசட்டும்." கடிதத்தைக் கிழித்தேன்.

ஜூன் 15
தினமும் எட்டரைக்கு என் மேசைக்கு மார்வின் போன். "வந்துட்டான்." அந்த ஒரு சொல்தான். அது வரும்வரை நோயாளிகள் பெயரைத் தப்புத் தப்பாகக் கூப்பிடுகிறேன்.

ஜூன் 28
நல்ல வெயில். இரண்டு பக்கத்துப் புல்லும் கோட்டுக்குள் ஊர்ந்து வருகிறது. அவன் வளர்த்த புல், வராமல் இருக்குமா?

இன்று காலை களைக்கொல்லிக் கேனை என் கையில் கொடுத்தான். புது வாஷர் போட்டிருந்தான்.

"வாசப்படியிலேருந்து மார்வ் கராஜ் வரைக்கும் நேரா அடி. மார்வ்கிட்ட கேட்டாச்சு."

"எவ்வளவு அகலத்துக்கு?"

ஒரு கால் வைக்கும் அகலத்தைக் கையால் காட்டினான். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, கைகளை இன்னும் விரித்தான்.