பஞ்சர் தொட்டிப் பக்கம்

ஐப்பசி 9, சனி. தூறல்.

மீசைக்கு மை அடித்துக்கொண்டு போனேன். படத்தில் இருக்கிற ஆள் நான்தான் என்று நாலு பேர் கண்டுபிடிக்கட்டுமே என்று ஓர் ஆசை. கல்யாண மண்டபத்தில், பழைய திருப்பூர்க் கடைகளை ஒரு படக்காரர் அந்தக் காலத்தில் வரைந்துவைத்த படங்கள், இருபதுக்கு மேல். சோடாக் கடை, நூல் கடை, வளையல் கடை. கடைசிக்கு முந்தினது என் வாடகைச் சைக்கிள் கடை. அந்த இடத்தில் இப்போது எஸ்.டி.டி. பூத். படத்தில் நான் இடுப்பில் கை வைத்து, கருகருவென்று மீசை. அரை மணி நேரம் பக்கத்திலேயே அதே மாதிரி நின்றேன். ஓர் அம்மா மட்டும் பேசினார். "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படத்த மறைக்கறீங்க."

மகள் செல்வி பனியன் கம்பெனிக்கு அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். வெகு நேரம் பார்த்தாள். "ஏனுங்கப்பா, பஞ்சர் தொட்டி இருக்குது. டியூப் பாதி தண்ணிக்குள்ள கெடக்குது. அம்மா எங்கீங்க?"

"அன்னைக்குப் பொங்கலூர் போயிருந்தா கண்ணு."

பொய்.

10, ஞாயிறு. மழை.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், தீப்பெட்டி, சீயக்காய்.

இந்த நோட்டிலாவது உண்மையை எழுதிவைக்கிறேன். படக்காரர் எதிர்ச்சாரியில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்த அன்று என் சம்சாரம் ராமாத்தாள் தொட்டி முன்னால்தான் குந்தியிருந்தாள். பஞ்சர் ஒட்டுவதில் என்னைவிட அவள் கை சுத்தம். அவரைப் பார்த்ததும் தலையை ஒதுக்கிக்கொண்டாள். நான் சும்மா இருந்தேனா? "உள்ள போ ராமாத்தா. உன்னெ வரைஞ்சா அவரு பேப்பரு கிழிஞ்சுபோயிரும்." நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். டியூபை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனவள், அவர் கிளம்பும்வரை வரவில்லை.

அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். வீட்டில் ஒரு போட்டோ கிடையாது. எடுக்கலாம் என்று பேச்சு வந்தபோதெல்லாம் என்னென்ன கேலி செய்தேன் என்று யோசித்தேன். நிறைய.

மகள் செ.யிடம் சொல்லிவிட்டேன். சோறு போட்டாள்.

11, திங்கள். மேகம்.

படக்காரரிடம் போனேன். செ. கம்பெனி விட்டு நேராக அங்கே வந்தாள்.

"சார், ஒரு ஆள விட்டுட்டீங்க."

"கண்ணுல பட்டதத்தானுங்க அண்ணா வரைஞ்சேன்."

நடந்ததைச் சொன்னேன். பென்சிலை எடுத்தார். "எப்படி இருப்பாங்க?"

"பூசணிக்காய்க்குச் சேலை சுத்துன மாதிரி." வாயில் அதுதான் வந்தது. அவர் சிரிக்கவில்லை. மூக்கு? நெற்றி? எனக்குத் தெரிந்தது நான் வைத்த பட்டப்பெயர்கள்தான்.

செ.தான் சொன்னாள். "குனிஞ்சே இருப்பாங்க சார். முகம் தெரியாதுங்க. பெரிய கொண்டை. கிளிப்பச்சைச் சேலை."

"அப்படின்னா போட்டுரலாமுங்க."

12, செவ்வாய். காலையில் வெயில்.

போட்டுவிட்டார். அவளேதான். டியூபைப் பிடித்திருக்கிற பிடி உட்பட. நாளைக்கு மண்டபத்தில் கல்யாணம், எல்லாவற்றையும் இறக்குகிறார்கள். இதை என்னிடமே கொடுத்துவிட்டார். "அம்மாவ இப்பத்தான் போட்டிருக்கறனுங்க அண்ணா. எண்ணெய்ச் சாயம், காய ஒரு வாரமாகும். மேல எதுவும் படக் கூடாதுங்க."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை. குடை இல்லை. அவள் நனையக் கூடாதென்று, படத்தை உள்பக்கமாகத் திருப்பி நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு வீடுவரை ஓட்டம்.

திருப்பிப் பார்த்தால், படத்தில் தொட்டிப் பக்கம் கொண்டை மட்டும் மிச்சம். நான் அப்படியே இருக்கிறேன், மீசையோடு. பச்சை முழுதும் என் வெள்ளைச் சட்டையில். கழற்றிக் கட்டில்மேல் விரித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வருவதற்குள் செ. அதை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து அலசியிருந்தாள். கறை சுத்தமாகப் போய்விட்டது. சட்டை கொடியில்.