கடைசி பஸ்ஸை விட்ட சேர்மன்

கூக்கால்
17-1-2025

அன்பு மகள் சுகன்யாவுக்கு,

பத்தாப்பில் ரெண்டு தரம் பெயிலாகி, மூணாம் தரம் வாத்தியாரே கும்பிட்டு அனுப்பி வச்ச உன் அப்பன் கந்தவேல் எழுதுறது. நாங்க ரெண்டு பேரும் சுகம். பூண்டு முழங்கால் உயரம் நிக்குது. பொங்கலுக்கு நீ வரலைன்னு உன் அம்மா முருகம்மாள் என்னைத்தான் திட்டுறா.

போன்ல சொல்லலாம்தான். ஆனா ஏரிக்கரை மேட்டுல ஏறி நின்னாத்தான் டவர். அங்க ஏழு பேர் நின்னு அடுத்தவன் பேச்சைக் கேக்குறதையே சோலியா வச்சிருக்காங்க.

உன் ஆராய்ச்சிக்காகக் கேட்டிருந்தியே, அரசியல் தலைவர்களை வச்சு ரசிகர்கள் கற்பனைக் கதை எழுதுற வழக்கம் நம்ம பக்கம் எப்ப வந்துச்சுன்னு. எனக்குத் தெரிஞ்சு 1986. கட்சிப் படிப்பகத்துல கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மொத்தமே ஒரு பிரதி. தலைவர் எங்க வீட்டுக்கு வந்து, அவிச்ச கிழங்கைத் தின்னுட்டு, "கந்தவேலு, நீ இல்லாம கட்சி இல்லப்பா"ன்னு கண் கலங்குறதா எழுதினேன். அவர் இந்த மலைக்கு வந்ததே இல்லை. ஆனா எனக்குத் துண்டு போட்டாங்க. அதைப் பொறுக்காம மன்னவனூர்க்காரன் ஒருத்தன், தலைவர் அவன் வீட்டுல ரெண்டு நாள் தங்கினதா எழுதினான். பள்ளங்கிக்காரன் தன் தங்கச்சியவே தலைவருக்குக் கட்டி வச்சிட்டான். இதெல்லாம் வரலாறுல வருமான்னு நீதான் சொல்லணும்.

இனி நான் செஞ்ச தப்பு. நீ இன்டர்நெட்டுல போட்ட கதையை ஜெராக்ஸ் கடையில காகிதமா எடுத்து டீக்கடையில வாசிச்சேன். நம்ம கட்சிச் சேர்மன் செல்வமுருகன் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, நம்ம பள்ளிக்கூடப் பிள்ளைகளோட பனியில நடந்து வந்து, கால் வழுக்கிச் சேத்துல விழுந்து, "தை முடியறதுக்குள்ள சாயங்கால பஸ் விடுறேன்"னு சொல்வாரே, அந்த இடத்தை ரெண்டாந்தரமும் வாசிக்கச் சொன்னாங்க. மேலே "இது கற்பனை"ன்னு நீ போட்டிருந்த வரியை நான் வாசிக்கல. வாசிச்சா யாரு கேப்பான்னு விட்டுட்டேன்.

பொங்கல் விளையாட்டு விழாவுக்கு மன்னவனூர் வந்த சேர்மனுக்கு நம்ம ஊர்ல இருந்து இருபத்திரண்டு பேர் போய், பூண்டுல மாலை கட்டிப் போட்டு, "பஸ் விடுறேன்னதுக்கு நன்றி ஐயா"ன்னுட்டாங்க. அவருக்கு ஒண்ணும் புரியல. சுத்தி எல்லாரும் போன்ல படம் எடுக்கவும் சிரிச்சுக்கிட்டே, "ஆமா ஆமா, விட்டுருவோம்"னார்.

திட்டி எழுது. ஆனா வெரசா எழுது.

உன் அப்பன்,
கந்தவேல்

மதுரை
23-1-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை விடுதியில் சத்தமாக வாசித்தேன். என் அறைத்தோழி செலினா சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள். பள்ளங்கிக்காரர் தங்கச்சியை என் ஆய்வில் கட்டாயம் சேர்ப்பேன்.

அப்புறம்தான் பயம் வந்தது. "இது கற்பனை"ன்னு போட்ட அந்த ஒரு வரிதான் எனக்கு வேலிப்பா. அதைப் பிடுங்கிட்டு மாட்டை உள்ளே விட்டுட்டீங்களே. ஆனாலும் ஒன்று சொல்லணும். கதையை வாசித்த முந்நூறு பேரில் ஒருத்தர்கூட பஸ்ஸைப் பற்றிக் கேட்கலை. நம்ம ஊர்தான் கேட்டிருக்கு.

இன்டர்நெட்டில் கதையோட என் பேரைப் போடலை. யாராவது வந்து கேட்டால் என் பேரைச் சொல்லுங்க. நான் பதில் சொல்லிக்கிறேன்.

அம்மாவுக்கு முத்தம்.
சுகன்யா

கூக்கால்
30-1-2025

அன்புள்ள தாயி,

யாராவது வருவாங்கன்னு எழுதியிருந்தே. ஜீப்புலயே வந்துட்டாங்க. நம்ம கிளைச் செயலாளர் முகேஷும் கூட ரெண்டு பேரும்.

"சித்தப்பா, சேர்மன் கொதிச்சுப் போயிருக்காரு. மாலை போட்ட படம் ஊர் பூரா சுத்துது. யாரு எழுதுனது இந்தக் கதைய?"

"நான்தாம்ப்பா."

"உங்களுக்குப் போனை அமுத்தி வைக்கவே தெரியாதே."

"அதான் எழுத இவ்வளவு நாளாச்சு."

அவன் நம்பல. ஆனா அவனுக்கு ஒரு ஆள் வேணும், நான் கிடைச்சேன். ஒரு காகிதம் குடுத்திருக்கான். சேர்மன் எந்த வாக்குறுதியும் தரல, கதை அவதூறு, எழுதினது கந்தவேல், மன்னிச்சுருங்கன்னு டைப் அடிச்சிருக்கு. ஒன்பதாம் தேதி ஞாயித்துக்கிழமை ஊர்க்கூட்டத்துல சேர்மன் முன்னாடி நான் அதை வாசிச்சுக் கையெழுத்துப் போடணுமாம். அதோட கதையையும் எடுத்துரணும்.

ஒரு கையெழுத்துதானே. எனக்கென்ன, கட்சியில பேருக்குத் துணைச் செயலாளர். கூட்டத்துக்குப் பாய் விரிக்கிறவன். நீ அடுத்த வருஷம் பட்டம் வாங்கணும். உன் பேர் இதுல வேண்டாம். கதையைக் கழட்டிரு ஆத்தா. மத்ததை நான் பாத்துக்கிறேன்.

கந்தவேல்

மதுரை
4-2-2025

அப்பாவுக்கு,

1986-ல் நீங்க எழுதின கதைக்குக் கீழே உங்க பேர் இருந்ததா இல்லையா?

நான் இதுவரை அந்த மாதிரிக் கையெழுத்துப் பத்திரிகை நோட்டுகள் நாற்பத்தேழு பார்த்துவிட்டேன். தலைவரைத் தூக்கி வச்சு எழுதினவங்க எல்லாரும் தன் பேர், அப்பா பேர், ஊர், கிளை எண்ணோட கையெழுத்துப் போட்டிருக்காங்க. கேலி பண்ணினவங்க, ரோடு எங்கே தண்ணி எங்கேன்னு கதையில கேட்டவங்க, எல்லாரும் "ஒரு தொண்டன்", "ஊர்க்காரன்". யாருன்னே கண்டுபிடிக்க முடியலை. பெண் பேர் ஒன்றுகூடக் கிடையாது. எழுதியே இருக்க மாட்டாங்களா? எழுதியிருப்பாங்க. வீட்டில் யாரோ ஒரு ஆண், பாசத்தில், நான்தான் எழுதினேன்னு சொல்லியிருப்பார்.

இப்ப நீங்களும் சொல்லிட்டீங்க.

என்னைக் காப்பாற்ற நினைக்கிறீங்கன்னு தெரியும். ஆனா அந்தப் பனியில் ஆறு வருஷம் நடந்தது நான். சேத்துல விழுந்தது நான். சேர்மனைக் கதையில் விழ வச்சது நான். அதில் ஒரு வரிகூட உங்களுது இல்லை. கல்லூரியில் என் வழிகாட்டி அருள்மேரி அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். பிரச்சினை வந்தால் பார்த்துக்கலாம் என்கிறார். கதையை எடுக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்க கையெழுத்துப் போட்டால் நான் சண்டைக்கு வர மாட்டேன். கடிதமும் எழுத மாட்டேன்.

க. சுகன்யா

கூக்கால்
11-2-2025

அன்பு மகள் க. சுகன்யாவுக்கு,

உன் கடிதத்தை வாசிச்சிட்டுப் பூண்டுக் காட்டுலயே உக்காந்துட்டேன். உன் அம்மா வந்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டா. கேட்டுட்டு, "அவ பெத்த புள்ளைய நான் பெத்தேன்னு சொல்லிட்டு வந்திருக்கியே, ஆம்பளைக்கு வெக்கமா இல்ல?"ன்னா. அன்னைக்கு ராத்திரி எனக்குக் களி மட்டும்தான், குழம்பு கிடையாது.

ஞாயித்துக்கிழமை சமுதாயக் கூடம் நிறைஞ்சு கெடக்கு. சேர்மன் நடுவுல. எப்பவும் போல நான்தான் பாய் விரிச்சேன். முகேஷ் காகிதத்தை நீட்டினான். நான் அதை வாங்கிக்கிட்டு எந்திரிச்சேன்.

"ஐயா, இதுல ஒரு தப்பு இருக்கு. எழுதினது நானில்ல. எனக்கு அவ்வளவு வராது. எழுதினது என் மக சுகன்யா. மேல கற்பனைன்னு நேர்மையாத்தான் போட்டிருந்தா. அதை வாசிக்காம விட்டது நான். அதுக்கு இந்த ஊர்கிட்ட மாப்புக் கேக்குறேன். உங்ககிட்ட கேக்க ஒண்ணுமில்ல."

சேர்மன் முகம் உரிச்ச பூண்டு மாதிரி வெளுத்துப் போச்சு. "அப்ப நான் பஸ் விடுறேன்னு சொல்லவே இல்லங்கிறதை எழுதிக் குடு"ன்னார்.

பின்னால இருந்து சோலையம்மாள் எந்திரிச்சா. பேரனைத் தினமும் மன்னவனூர் பள்ளிக்கூடத்துல இருந்து நடத்திக் கூட்டிட்டு வர்றாளே, அவதான். "ஏங்க, கதையில சொன்னது பொய்யின்னே வச்சுக்குவோம். மாலையைக் கழுத்துல வாங்கிக்கிட்டு ஆமா ஆமான்னது நீங்களா, சுகன்யாவா?"

ஒருத்தனும் சிரிக்கல. சிரிச்சிருந்தா அவருக்குச் சுலபமா இருந்திருக்கும்.

என்னைப் பொறுப்புல இருந்து எடுத்துட்டாங்க. முப்பத்தொன்பது வருஷக் கட்சி. வலிக்குதுதான் தாயி. இனி பாயை முகேஷ் விரிக்கட்டும்.

பஸ் வருமா வராதான்னு தெரியாது. ஆனா எழுதிக் குடுன்னு கேட்டாரே, எழுதிட்டோம். உன் கதை பூராவையும் நானே கையால எழுதினேன், அந்த முதல் வரியோட. கடைசியில இப்படிப் போட்டேன்:

எழுதியது: க. சுகன்யா, கூக்கால்.
வாசித்தது: கந்தவேல்.
கேட்டவர்கள்:

அதுக்குக் கீழே இடம் விட்டேன். முதல்ல உன் அம்மா போட்டா. அப்புறம் சோலையம்மாள். இன்னைக்குக் காலையோட நூத்தி முப்பத்தாறு கையெழுத்து. காகிதம் பத்தாம நாலு தாள் ஒட்டியிருக்கு. நாளைக்கு வெள்ளனே முதல் பஸ்ஸுல சேர்மன் ஆபீசுக்குக் கொண்டு போறோம்.

வாசிச்சவன்,
கந்தவேல்