மாலை போட்ட வீட்டில் பான்கேக்

கார்த்திகை, இரண்டாம் ஞாயிறு

சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் இவர் இன்று முட்டை சாப்பிட்டுவிட்டார். கொடுத்தது எங்கள் மகள் நிவேதா.

சென்னை வேலைக்குப் போகக் கூடாது என்று இவர் சொன்னதிலிருந்து அவள் அப்பாவோடு பேசுவதில்லை. இன்று சாயங்காலம் தானாகவே அடுப்படிக்குப் போய், வாழைப்பழமும் மாதுளையும் போட்டு பான்கேக் சுட்டாள். பஞ்சு மாதிரி உப்பி வந்தது. முதல் தட்டை நேராக அவரிடம் கொண்டு போனாள்.

"சாமி, புடிங்க. மொதப் படையல் உங்களுக்குத்தான்."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு வாய் வைத்தார். அப்போதுதான் குப்பைக்கூடையில் முட்டை ஓடுகளைப் பார்த்தேன். கேக் மாவில் கலந்தால் அது முட்டைக் கணக்கில் வராது என்று நினைத்தாளோ என்னவோ. சொன்னால் அவர் துப்பிவிடுவார், அவள் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வாள். சொல்லாவிட்டால் விரதம் போச்சு.

"எம்புட்டு மெத்துன்னு இருக்கு! இன்னொண்ணு போடு தாயி."

அவள் உள்ளே ஓடியதும் அவர் பக்கத்தில் போனேன். நான் வாயைத் திறக்குமுன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"முட்ட வாசம் எனக்குத் தெரியாதாக்கும்? அவகிட்ட மூச்சு விட்றாத. குருசாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

இரண்டாவதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

குருசாமி மாலையைக் கழற்றச் சொன்னால் நிவேதாவிடம் என்ன காரணம் சொல்வது? யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. கூடத்தில் அப்பாவும் மகளும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். விளக்கை அணைக்கச் சொல்ல மனம் வரவில்லை.