உன் காரின் முன் சீற்

மச்சான்,

காலையில் என் சீற் தைக்கும் கடை வாசலில் விரித்துப் போட்ட றெக்சின் இப்போதுதான் வெயிலில் இளகத் தொடங்கியிருக்கிறது. புது றெக்சின் சூடேறும்போது எழும்பும் அந்த நெடிக்கு, றோட்டால் போகிற சனமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும். நீ மட்டும்தான் கிட்ட வந்து இழுத்து மணப்பாய். "பெருநாளுக்கு எடுத்த புதுச் சட்ட மாதிரி மணக்குது" என்பாய். இன்றைக்கு விரித்திருப்பது ஒரு ஓட்டோவுக்கு. போன கிழமை இதே இடத்தில் விரித்திருந்தது உன் காருக்கு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ முதன்முதல் என்னிடம் வந்தது டிப்போவில் பஸ் ஓட்டிய காலத்தில். சாரதி சீற்றில் போட்டு இருக்க ஒரு தடித்த குஷன் வேண்டும் என்றாய். உன் உயரத்துக்கு அந்தப் பஸ்ஸின் கண்ணாடி எட்டவில்லை. "எதிர்ல வாறவன், றைவர் இல்லாம பஸ் வருதெண்டு பயந்து வயலுக்க இறங்குறான்" என்று நீயே சொல்லிச் சிரித்தாய். அதற்குப் பிறகு தன்னாமுனையைத் தாண்டும்போதெல்லாம் என் கடைக்கு நேரே ஹோர்ன் அடிக்காமல் நீ போனதில்லை.

பென்சன் எடுத்த கையோடு மலைநாட்டுக்குப் போய் அந்தக் காரை ஓட்டி வந்தாய். வெள்ளைக்காரத் துரை ஒருவர் தோட்டத்தில் வைத்திருந்ததாம். உனக்கும் எனக்கும் மூத்த கார். சீற்றெல்லாம் வெடித்து, உள்ளே அடைத்த தென்னந்தும்பு தொங்கியது. "வாழ்நாள் முழுக்க ஊர்ச் சனத்த ஏத்தினன். இனி என்ட சனத்த ஏத்தப் போறன். நல்லாச் செஞ்சி தா" என்றாய். நிறத்தையும் நீயே எடுத்தாய், கடும் சிவப்பு. உன் மனைவி, என் வாய்க்கு எப்போதும் தங்கச்சி, பார்த்துவிட்டு, "இதென்ன, கலியாண வீட்டுக் கதிரையா?" என்று கேட்டதும் உனக்கு வந்த கோபம்!

அந்தக் காலத்துச் சீற்றில் வேலை செய்வதென்றால் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும். சீற்றை வாங்குப் பலகையில் வைத்து, யாராவது மேலே ஏறி இருந்து அமத்தினால்தான் புது உறையின் விளிம்பைக் கீழே இழுத்துச் சட்டத்தில் கம்பி வளையம் போட முடியும். ஏறி இருந்தது நீதான். சப்பாணி கட்டிக்கொண்டு, கல்முனை றோட்டில் மாட்டோடு சண்டை போட்ட கதை சொன்னாய். நான் கீழே குனிந்து இழுத்தேன். சிரித்தால் கை நழுவும். நீ சிரிப்புக் காட்டாமல் விடவும் மாட்டாய்.

உன் கடைசி நாளன்று நீ மகள் பஸீலாவோடு டவுனிலிருந்து ஏறாவூருக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தாய். வாவி தெரிகிற வளைவில் உனக்கு நெஞ்சை அடைத்தது. சிக்னல் போட்டு, காரை ஓரங்கட்டி, ஹாண்ட்பிரேக்கையும் இழுத்திருக்கிறாய். மீன்பிடித்துக்கொண்டு நின்றவர்கள் ஓடி வந்து உன்னைத் தூக்கிய அவசரத்தில் சீற் உறை கதவில் மாட்டி நீளமாகக் கிழிந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போக முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. ஜனாஸாவுக்கு வந்தவர்கள், "கடைசி நேரத்திலயும் முறைப்படி நிப்பாட்டின மனிசன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

பிறகு இரண்டு வருஷமாகக் கார் உன் வளவில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தது. பஸீலா அந்தப் பக்கமே போவதில்லை. பின்பக்கத்துக் குசினிக்குப் போவதென்றாலும் மற்றப் பக்கத்தால் வீட்டைச் சுற்றித்தான் போவாளாம். போன மாதம் கண்டியிலிருந்து ஒருவர் காரைக் கேட்டு வந்தார். தங்கச்சி கொடுத்துவிட நினைத்தாள். அப்போதுதான் பஸீலா வாயைத் திறந்தாள். "மாமாக்கிட்டச் செல்லி முன் சீற்ற மட்டும் மாத்துவம். அதுக்குப் பொறகும் எனக்கு ஏறி இருக்க ஏலாட்டி வித்துப் போடுங்க."

காரை ஒரு மெக்கானிக் ஓட்டி வந்து விட்டான். அவள் ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். நான் சீற்றைக் கழற்றி உள்ளே கொண்டுபோகும் மட்டும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரவில்லை. பழைய சிவப்பு உறையை நான் உரிக்கத் தொடங்கினேன்.

"மாமா, அந்தப் பிடிய எந்தப் பக்கம் இழுக்கணும்?"

"எந்தப் பிடி மகள்?"

"சீற்றப் பின்னுக்குத் தள்ளுற பிடி."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வாப்பா, 'மூச்சு முட்டுது மகள், சீற்றக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளு' எண்டாரு. நான் இழு இழுவெண்டு இழுத்தன். வரல்ல. எனக்குத்தான் இழுக்கத் தெரியல்ல. தள்ளியிருந்தா அவருக்கு மூச்சு வந்திருக்கும்."

"உம்மாட்டச் சொன்னியா?"

"எப்படிச் செல்லுற?"

நான் சீற்றைக் கவிழ்த்துப் போட்டேன். "இஞ்ச வா. வந்து இதப் பாரு."

வந்தாள். அடிச்சட்டமும் அது முன்னுக்கும் பின்னுக்கும் ஓட வேண்டிய இரும்பும் சேரும் இடத்தில், துருப்பிடித்த கறளுக்குள்ளே கட்டி கட்டியாக வெல்டிங் இருந்தது. முதல் தடவை கழற்றியபோதே நீயும் நானும் பார்த்ததுதானே. "கிடக்கட்டும், எனக்குக் கால் எட்டுது" என்று நீ விட்டுவிட்டாய். நெஞ்சு நொந்த நேரத்தில் அது உன் நினைவுக்கு வந்திருக்காது. பஸ் சீற்றில் இருப்பதாகவே நினைத்தாயோ என்னவோ.

"இது உன்ட வாப்பா கார் வாங்க முதலே ஒட்டினது. ஊரே கூடி இழுத்தாலும் அசையாது. டொக்டரும் சொன்னவர்தானே, யார் என்ன செஞ்சிருந்தாலும் ஒண்டும் மாறியிராதெண்டு."

"டொக்டர் மனசு ஆறச் செல்லுறாரெண்டு நினைச்சன் மாமா" என்றாள். பிறகு விரலை அந்த வெல்டிங்கில் வைத்து மெல்லத் தடவினாள். பிடியையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அப்படியே நிலத்தில் குந்தி இருந்து அழுதாள். நான் தடுக்கவில்லை. பக்கத்துக் கடைக்குப் போய் பிளேன்ரீ வாங்கி வந்து வைத்துவிட்டு, தும்பைத் தட்டிப் பரப்பினேன், சாக்கை விரித்துத் தைத்தேன். ரீ ஆறிப்போன பிறகு குடித்தாள்.

"இனி என்ன செய்யணும்?"

"யாராவது மேல ஏறி இருக்கணும்."

வழக்கமாகப் பக்கத்துக் கடைக்காரனைத்தான் கூப்பிடுவேன். அன்றைக்கு நான் கூப்பிடவில்லை. அவள் முக்காட்டை இறுக்கிக்கொண்டு வாங்கில் கிடந்த சீற்றில் ஏறி இருந்தாள். அவளுடைய பாரத்துக்கு ஸ்பிரிங் அசையவில்லை. "இன்னும் அமத்து, இன்னும்" என்றேன். எம்பி எம்பி இருந்தாள். ஒரு முறை சரிந்து விழப் பார்த்துச் சுவரைப் பிடித்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மச்சான், எனக்குக் கை நழுவியது. திரும்ப இழுத்தேன். கடைசி வளையத்தைப் போட்டு நிமிர்ந்தபோதும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று அவளே ஓட்டினாள். பக்கத்தில் தங்கச்சி, பின்னால் நான். புது உறை கபில நிறம், மகளின் தெரிவு. கண்டிக்காரருக்கு இல்லை என்று சொல்லியாயிற்று. கண்ணாடியைப் பூட்டச் சொல்லித் தாயும், புழுங்குது என்று மகளும் வழி நெடுகச் சண்டை. அந்த வளைவு வந்தது. சண்டை நிற்கவில்லை. வாவியில் ஒருவர் தோணியில் நின்று வலை வீசினார். நான் மட்டும்தான் திரும்பிப் பார்த்தேன். தாண்டிவிட்டது அவர்களுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

நீ பேச்சுமூச்சில்லாமல், மகள் பக்கத்தில் இருந்தும் தனியனாகப் போனாய் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இல்லை. மகளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாய். அவளை நம்பி ஒரு சின்ன உதவி கேட்டிருக்கிறாய். அது எனக்குப் போதும். அவள் அந்த வளைவை மறக்கட்டும் மச்சான். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.